தப்பைச் சொன்னால் சாயா

1. மிஞ்சிய ஸ்ட்ரிப்

வேலைக்குச் சேர்ந்த நான்காம் நாள், என் மேஜையில் ஒரு ஸ்ட்ரிப் மிஞ்சிக் கிடந்தது. அதைப் பார்த்ததும் எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

செம்பூரில் ஓர் ஆஸ்பத்திரி. அதன் பேஸ்மென்ட்டில் சி.எஸ்.எஸ்.டி. என்று ஒரு டிபார்ட்மென்ட். ஆபரேஷனுக்கு வேண்டிய கத்தி, கத்தரி, கிளாம்ப் எல்லாவற்றையும் கழுவி, எண்ணி, ட்ரேயில் அடுக்கி, துணி சுற்றி, ஆட்டோகிளேவ் என்கிற நீராவி மெஷினில் ஏற்றிக் கிருமி நீக்கி அனுப்புவது எங்கள் வேலை. ஒவ்வொரு ட்ரேக்குள்ளும் ஒரு காகித ஸ்ட்ரிப் வைப்போம். நீராவி உள்ளே சரியாகப் போயிருந்தால் அதன் நிறம் மாறும். அன்று பன்னிரண்டு ட்ரேக்குப் பன்னிரண்டு ஸ்ட்ரிப் எண்ணி எடுத்திருந்தேன். ஒன்று மிஞ்சினால் ஏதோ ஒரு ட்ரேயில் வைக்கவில்லை என்று அர்த்தம். பன்னிரண்டு ட்ரேயும் அதற்குள் மேலே ஆபரேஷன் தியேட்டருக்குப் போய்விட்டன.

எனக்கு அப்போது முப்பத்து நாலு வயது. தாராவியில் பிளாஸ்டிக் பட்டறையை மூடிவிட்டதால் இங்கே வந்தவள். இதுவும் போனால் வீட்டில் அடுப்பு எரியாது. ஸ்ட்ரிப்பை ஏப்ரன் பைக்குள் திணித்துக்கொண்டு, ஒன்றும் தெரியாதவள் போலக் கால் மணி நேரம் கத்தரி துடைத்தேன். அதற்கு மேல் முடியவில்லை. இன்சார்ஜ் ரெஜினா சிஸ்டர் முன்னால் போய் நின்றேன். தூத்துக்குடிக்காரர், என்னைவிட ஒரு வயது சின்னவர்.

"சிஸ்டர், ஒரு ட்ரேல ஸ்ட்ரிப் வைக்காம வுட்டுட்டேன். எதுலன்னு தெரியல."

அவர் திட்டவில்லை. போனை எடுத்துப் பன்னிரண்டையும் திருப்பி அனுப்பச் சொன்னார். அந்தப் பக்கம் ஒரு டாக்டர் கத்தியது எனக்கே கேட்டது. "எங்க டிபார்ட்மென்ட் தப்புதான் டாக்டர். இன்சார்ஜ் நாந்தான், என்னையத் திட்டுங்க" என்றார். என் பெயரை அவர் சொல்லவே இல்லை. போனை வைத்துவிட்டு என்னை கேன்டீனுக்குக் கூட்டிப் போனார்.

"இங்க ஒரே ரூல்தான். தப்பை நீயா வந்து சொன்னா, சாயா என் செலவு. நீ மறைச்சு நான் கண்டுபிடிச்சேன்னா, மறுநாள் வேலைக்கு வராத."

மூக்கை உறிஞ்சிக்கொண்டே அந்தச் சாயாவைக் குடித்தேன்.

2. போர்டு

சில வருடங்களில் ரெஜினா சிஸ்டர் வாஷியில் வேறு ஆஸ்பத்திரிக்குப் போனார். இன்சார்ஜ் நாற்காலி எனக்கு வந்தது. சாயா ரூலையும் விடாமல் வைத்துக்கொண்டேன். பதினோரு வருடம் மற்றவர்களுக்கு வாங்கிக் கொடுத்தேன். இன்சார்ஜ் ஆன பிறகு நான் குடிக்க வேண்டி வந்ததில்லை. அதில் எனக்குக் கொஞ்சம் மண்டைக்கனமும் உண்டு. ஒத்துக்கொள்கிறேன்.

ஆடிட் நாள் வந்தது. வெளியிலிருந்து ஆட்கள் வந்து எல்லா ரெஜிஸ்டரையும் பார்ப்பார்கள். அனுப்பிய ட்ரேயைத் திரும்ப அழைக்காமல் எத்தனை நாள் ஓட்டியிருக்கிறோம் என்று எங்கள் சுவரில் ஒரு போர்டு உண்டு. தினமும் நம்பரை மாற்றி எழுதுவது நான்தான். "இந்த போர்டை முதல்ல காட்டுங்க" என்று மேனேஜ்மென்ட்டில் சொல்லியிருந்தார்கள்.

அன்று காலை ஆள் குறைவு. முதல் லோடை நானே ஏற்றினேன். மெஷின் தரும் பிரின்ட்அவுட்டில் கையெழுத்துப் போட்டு ட்ரேக்களை அனுப்பியும் விட்டேன். பிறகு ஆடிட் ஃபைலில் வைக்க அதே பிரின்ட்அவுட்டை எடுத்தபோதுதான் படித்துப் பார்த்தேன். துணி சுற்றிய ட்ரேக்கான சைக்கிளுக்குப் பதில், சுற்றாத சாமானுக்கான குறுகிய சைக்கிளை அமுக்கியிருக்கிறேன். நீராவி உள்ளே போய்ச் சேர வேண்டிய நேரம் கிடைக்கவில்லை. வெளியே ஒட்டிய டேப் சூடு பட்டாலே கறுத்துவிடும், உள்ளே ஸ்ட்ரிப்பும் ஓரளவு நிறம் மாறியிருக்கும். யாருக்கும் சந்தேகம் வராது. பிரின்ட்அவுட்டைப் பார்த்தவள் நான் ஒருத்திதான்.

ஒன்றும் ஆகாது என்று மனசு சொன்னது. கையெழுத்துப் போட்டாயே, அதை யார் படிக்கப் போகிறார்கள் என்றும் சொன்னது. மேலே இடுப்பெலும்பு முறிந்த ஒரு பெரியவர் டேபிளில் படுத்திருந்தார். என் ட்ரே அவருக்குத்தான்.

ட்ரேயைத் திருப்பி அனுப்பச் சொல்லி தியேட்டருக்குப் போன் செய்தேன். டாக்டர் மாட்டுங்காக்காரர், பொறுமைக்குப் பேர் போனவர் இல்லை.

"பேஷன்ட் டேபிள்ல இருக்கார்மா! ஆடிட் அன்னிக்கா இப்படிப் பண்ணுவேள்? யார் பண்ணின தப்பு இது?"

"நாந்தான் டாக்டர். லோடு போட்டதும் நான், கையெழுத்தும் என்னுது. ட்ரேயத் தொறக்காதீங்க."

ஆடிட்டர்கள் உள்ளே வந்தபோது, நான் ஸ்டூலில் ஏறி போர்டில் இருந்த நம்பரை அழித்துப் பூஜ்ஜியம் எழுதிக்கொண்டிருந்தேன். அவர்களோடு வந்த மேனேஜ்மென்ட் ஆள் முகத்தை நான் பார்க்கவில்லை, பார்க்கத் தைரியம் இல்லை. வேறு லோடிலிருந்து ட்ரே அனுப்பினோம். இரண்டு மணி நேரம் தாமதம். பெரியவருக்கு ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது.

3. எனக்கு வந்த கிளாஸ்

சாயந்திரம் நசீமா என் மேஜையில் ஒரு சாயாவைக் கொண்டுவந்து வைத்தாள். தாராவியில் தோல் பை பட்டறையில் வேலை பார்த்துவிட்டு நாற்பது வயதில் எங்களிடம் வந்தவள். அவளுக்கு ட்ரே அடுக்கச் சொல்லிக்கொடுத்தது நான்தான்.

"எனக்கெதுக்குட்டி?"

"ரூல் ரூல்தானேக்கா. குடிங்க." கொஞ்சம் தயங்கிவிட்டுச் சொன்னாள்: "இத்தன வருசத்துல நீங்க ஒருநாளும் இதக் குடிச்சு நாங்க பாத்ததில்லக்கா. நீங்க தப்பே பண்ண மாட்டீங்கன்னு நெனச்சோம். அதான் உங்கட்ட சொல்ல வாரதுக்குப் பயமாவே இருக்கும்."

சுருக்கென்றது. ரூலைச் சொல்லிக்கொடுத்தேனே தவிர, அதற்கு நான் ஒருநாளும் தலைகுனிந்து காட்டவில்லை. ரெஜினா சிஸ்டர் தான் செய்த தப்பையும் எங்களிடம் வந்து சொல்வார், நாங்கள் அவருக்கு வாங்கிக் கொடுத்திருக்கிறோம். அந்தப் பாதியை நான் வசதியாக மறந்துபோயிருந்தேன். இன்சார்ஜ் ஆகப்போகிறவர்களுக்கு நான் சொல்ல ஒன்றுதான் உண்டு. உங்கள் ஆட்கள் பார்க்க, முதல் சாயாவை நீங்கள் குடித்துவிடுங்கள்.

மறுநாள் காலை மனோஜ் வந்து நின்றான். மராட்டிக்காரன். எங்களிடம் மூன்று வருடமாக இருக்கிறான். அதுவரை ஒரு தடவைகூட இந்தச் சாயா குடித்ததில்லை. நான்கூட அவனை ரொம்ப ஜாக்கிரதையான ஆள் என்று மெச்சிக்கொண்டிருந்தேன்.

"மேடம், ஏக் பாத் போல்னீ ஹை" என்றான். ஒரு விஷயம் சொல்ல வேண்டுமாம்.

எனக்குப் பெருமை தாங்கவில்லை. என்ன விஷயம் என்று கேட்பதற்கு முன்பே பர்ஸை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டேன்.