ஒரே பஸ், இரண்டு கூட்டம்

அப்பாவுக்கு ஒரே கட்சிதான். திருநீர்மலைப் பக்கம் எங்களுக்கு வயல் இருந்தபோதும் அதுதான், அதை மனையாக்கி விற்ற பிறகும் அதுதான். ஓட்டுப் போட்டால் விரலில் மை போகும்வரை தெருவெல்லாம் காட்டிக்கொண்டு திரிவார். "ஒரு கூட்டத்துக்காவது என்கூட வாயேன்டா" என்று என்னைக் கூப்பிட்டுக் கூப்பிட்டு அலுத்துவிட்டார். எனக்கு அரசியல் என்றாலே எரிச்சல். யார் ஜெயித்தால் நமக்கென்ன என்று அவரிடம் வாயடிப்பேன்.

நான் வேலை பார்க்கும் திருமுடிவாக்கம் கம்பெனிக்கு அந்த அலட்சியம் கிடையாது. பின்னாலிருக்கும் புறம்போக்கில் ஷெட் போட முதலாளிக்கு நெடுநாள் ஆசை. தேர்தல் வந்ததும் எந்தக் கட்சியின் மனமும் கோணாமல் பார்த்துக்கொண்டார். முதலில் அப்பாவுக்கு ஆகாத கட்சியின் கூட்டத்துக்கு எங்களை வாடகை பஸ்ஸில் ஏற்றினார்கள். போனால் அன்றைய சம்பளம் உண்டு, போகாவிட்டால் ஆப்சென்ட். டிவியில் அப்பா பார்த்துவிடுவாரோ என்று கொடுத்த துண்டாலேயே முகத்தை மூடிக்கொண்டேன். மற்றபடி வெட்கமெல்லாம் படவில்லை. பிரியாணி நன்றாகவே இருந்தது.

அடுத்த வாரம் தாம்பரத்தில் அப்பாவின் கட்சிக் கூட்டம். அதே பஸ், அதே பிரியாணி, துண்டின் கரை மட்டும் வேறு. முதலாளி மேடையேறவில்லை. வேட்பாளரின் காதில் ஏதோ சொல்லிவிட்டுக் காரில் கிளம்பிவிட்டார்.

நாற்காலிகளைச் சரிசெய்துகொண்டே வந்த அப்பா என்னைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டார்.

"நீயாடா? வேலைய வுட்டுட்டா வந்த?"

தலையாட்டினேன். இல்லை என்று சொல்லியிருக்கலாம். அதற்குள் அவருடைய கண் கலங்கிவிட்டது.

கூட்டம் முடிந்ததும் கையைப் பிடித்து எதிரிலிருந்த டீக்கடைக்கு இழுத்துப் போனார். அங்கே நின்ற கட்சிக்காரர்களிடமெல்லாம் சொன்னார்: "என் புள்ள. சம்பளத்த வெட்டுவானுங்கன்னு தெரிஞ்சும் வந்துகீறான்."

"இந்த மாதிரி புள்ளைங்களாலதாண்ணா கட்சி நிக்குது" என்றார் ஒருவர். எனக்கு உடம்பெல்லாம் கூசியது. டீயைக் கீழே பார்த்தபடியே குடித்தேன்.

எதிரே எங்கள் பஸ் ஹாரன் அடித்தது. என்னோடு வேலை செய்கிறவர்கள் துண்டை மடித்து அக்குளில் இடுக்கிக்கொண்டு முண்டியடித்து ஏறினார்கள். அப்பா முகத்தைச் சுளித்தார்.

"பாரு, எவன் கூப்ட்டாலும் பஸ் ஏறி வந்துடுவானுங்க. போன வாரம் அவனுங்களுக்கும் இவனுங்கதான் கை தட்டியிருப்பானுங்க. மானங்கெட்டவனுங்க. என் வூட்ல அப்டி ஒருத்தன் இல்ல, அது போதும்டா எனக்கு."

அப்போது பஸ் ஜன்னலிலிருந்து ஒருவன் தலையை நீட்டிக் கத்தினான். "மச்சான், சீக்கிரம் வா, தலை எண்ணினுகீறாங்க."

யாரைக் கூப்பிடுகிறான் என்று அப்பா சுற்றுமுற்றும் பார்த்தார். நானும் அவரோடு சேர்ந்து திரும்பிப் பார்த்தேன்.