முர்மான்ஸ்க் என்று படித்த நாள்

திருநின்றவூரில் ஒரு தனியார் பள்ளியில் ஒன்பது ஆண்டுகள் சமூக அறிவியல் நடத்தினேன். பிள்ளைகள் குறைந்து, பள்ளியை எட்டாம் வகுப்போடு சுருக்கியபோது எனக்கு வேலை இல்லாமல் போயிற்று. இரண்டு மாதம் கழித்துக் கும்மிடிப்பூண்டியிலிருந்து ஒரு அழைப்பு. வெல்டர்களையும் ஃபிட்டர்களையும் வெளிநாட்டுக்கு அனுப்பும் பயிற்சி நிலையம் அது. பதினைந்து நாள் வகுப்பு எடுக்க வேண்டும். பாடத்தின் பெயர், ‘ரஷ்யா: ஒரு பொது அறிமுகம்’.

“நான் ரஷ்யாவுக்குப் போனதில்லையே சார்” என்றேன்.

“இங்க யாருமே போனதில்ல மேடம். புக்குல இருக்கறதச் சொல்லுங்க, போதும்” என்றார் மேலாளர்.

நான் போன மிகத் தொலைவான ஊர் ஹைதராபாத். அதுவும் ஒரு கல்யாணத்துக்கு. ஆனாலும் ஒப்புக்கொண்டேன். காலையில் பேசின் பிரிட்ஜில் இறங்கி வண்டி மாறுவேன். கும்மிடிப்பூண்டி போய்ச் சேர்வதற்குள் அன்றைய பாடத்துக்குக் குறிப்பு எழுதி முடித்துவிடுவேன்.

வகுப்பு ஒரு பட்டறையின் மாடியில் நடந்தது. கீழே கிரைண்டர் ஓடினால் நான் பேச்சை நிறுத்திக் காத்திருக்க வேண்டும். பதினெட்டுப் பேர். பெரும்பாலோர் காட்டுப்பள்ளிக் கப்பல் கட்டும் தளத்திலோ அத்திப்பட்டு மின் நிலையத்திலோ வேலை பார்த்தவர்கள். உலகத்திலேயே பெரிய நாடு, தலைநகர் மாஸ்கோ, நதிகள் இவை, மலை இது என்று முதல் நாள் கரும்பலகையை நிரப்பினேன். பாதிப் பேர் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் மேல் எனக்குக் கோபமும் வரவில்லை.

அப்போது ஒருவர் எழுந்தார். பழவேற்காடு ஏரியோரக் குப்பம் ஒன்றைச் சேர்ந்தவர். மீன்பிடிக் குடும்பம். பத்து வருடமாகக் கப்பல் வெல்டிங் செய்கிறவர். வயது முப்பத்தைந்து இருக்கலாம்.

“மேடம், அங்க கடலே ஒறஞ்சி பூடும்னு சொல்றாங்களே. அப்போ உள்ள கீற மீனு இன்னா ஆவும்?”

பனிக்கட்டி மிதக்கும், அடியில் தண்ணீர் தண்ணீராகவே இருக்கும், மீனும் உயிரோடிருக்கும் என்றேன். அந்த நாட்டு மக்கள் உறைந்த ஏரி மேல் நடந்துபோய், துளை போட்டு, பக்கத்திலேயே முக்காலி போட்டு உட்கார்ந்து தூண்டில் போடுவார்கள் என்றும் சொன்னேன்.

“ஏரி மேல நடந்துகினு போய் மீன் புடிக்கிறானா!” என்று அவர் சிரித்தார். போன்கள் ஒவ்வொன்றாகப் பைக்குள் போயின.

மறுநாளிலிருந்து அவர்கள் கேட்டதைத்தான் நடத்தினேன். மேற்கு ஓரத்தில் ஒருவன் நாஷ்டா சாப்பிடும்போது கிழக்கு ஓரத்தில் மாலை ஆகிவிடும் என்று சொன்னபோது, ஃபோர்மேனாக இருந்த ஒருவர், “அப்போ ஷிஃப்ட்டு எப்புடி மேடம் போடுவாங்க?” என்று கவலைப்பட்டார். வீட்டுக்குள் போகும்போது செருப்பைக் கழற்றும் பழக்கம் அங்கேயும் உண்டு என்றதில் எல்லோருக்கும் ஒரு நிம்மதி.

இரண்டாவது வாரம் எழுத்துகளுக்கு வந்தோம். நானே அதற்கு முந்திய வாரம்தான் போனில் பார்த்துக் கற்றிருந்தேன். சில எழுத்துகள் ஆங்கிலம் போலவே இருக்கும், ஒலி மட்டும் வேறு. ‘பி’ போல இருப்பது ர். ‘எச்’ போல இருப்பது ன். ‘சி’ போல இருப்பது ஸ். ‘ஒய்’ போல இருப்பது உ. படித்துப் பழக அவர்களிடம் ரஷ்ய எழுத்தில் என்ன இருக்கிறது என்று கேட்டேன். எல்லோர் கையிலும் வேலை ஒப்பந்தத்தின் நகல் இருந்தது. ஆங்கிலப் பக்கத்தில் ‘பணியிடம்: இணைப்பில் உள்ளபடி’ என்று மட்டும் இருந்தது. இணைப்பு ரஷ்ய மொழியில்.

மீனைப் பற்றிக் கேட்ட வெல்டர் கரும்பலகைக்கு வந்து, அதில் பெரிதாக இருந்த ஒரு சொல்லை எழுதினார். எம், ஒய், பி, எம், ஏ, எச், சி, கே.

“மு… மு… ர்… மா… ன்… ஸ்… க்.” மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள். “முர்மான்ஸ்க்!”

முதல் தடவையாகச் சரியாகப் படித்த மகிழ்ச்சி அறை முழுக்க இருந்தது. எனக்கு மட்டும் இல்லை. அவர்களிடம் சொல்லப்பட்டிருந்த ஊர் செயின்ட் பீட்டர்ஸ்பர்க். இது அங்கிருந்து வடக்கே ரயிலில் ஒரு நாளுக்கு மேல் போக வேண்டிய ஊர்.

மதியம் மேலாளரிடம் கேட்டேன். “பீட்டர்ஸ்பர்க்லதான மேடம் இறங்குறாங்க? அப்புறம் ட்ரெயின். இதெல்லாம் போனா அவங்களே தெரிஞ்சிக்குவாங்க. நீங்க பொதுவா நாட்டப் பத்திச் சொல்லுங்க” என்றார்.

சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமலே பைக்குள் வைத்தேன். இன்னும் நான்கு நாள் வகுப்பு பாக்கி இருந்தது. அடுத்த குழுவும் எனக்கே என்று சொல்லியிருந்தார்கள். பிறகு மாடிக்குப் போய் வரைபடத்தில் அந்த ஊரைக் காட்டினேன். டிசம்பரில் தொடங்கி ஏறக்குறைய நாற்பது நாள் அங்கே சூரியன் உதிக்காது, கோடையில் இரண்டு மாதம் மறையாது என்றேன். வெதுவெதுப்பான நீரோட்டம் ஒன்று வருவதால் அந்தத் துறைமுகம் மட்டும் உறையாது என்பதையும் சொன்னேன்.

பழவேற்காடு கடைத்தெருவில் ஜவுளிக்கடை வைத்திருக்கும் குடும்பத்தைச் சேர்ந்த ஃபிட்டர் ஒருவர்தான் முதலில் கேட்டார்: “சூரியனே உதிக்கலன்னா காலைல சுபுஹு எப்போ மேடம் தொழுவுறது? மறையவே இல்லன்னா நோன்ப எப்போ தொறக்கறது?”

எனக்குத் தெரியாது என்றேன். அவர் ஊர்ப் பள்ளிவாசல் ஹஜ்ரத்தைக் கேட்டுவிட்டு மறுநாள் வந்து, சூரியன் உதித்து மறையும் பக்கத்து நகரத்தின் நேரத்தை வைத்துக்கொள்ளலாமாம் என்று வகுப்புக்கே விளக்கினார். அன்று அவர் ஆசிரியர், நான் மாணவி.

பதினெட்டுப் பேரில் ஐந்து பேர் பின்வாங்கினார்கள். வெல்டரும் அதில் ஒருவர். நான் எதிர்பார்க்கவில்லை.

“குளிருக்குப் பயந்துகினு இல்ல மேடம். கடலு ஒறையாதுன்னு நீங்களே சொன்னீங்க. ஆனா ஊர் பேரையே மறச்சி இட்டுகினு போறவன், அங்க போன பொறவு இன்னான்னா மறைப்பானோ? ஊட்லயும் அதான் சொல்லிச்சி.”

அடுத்த குழுவுக்கு என்னை அழைக்கவில்லை. இப்போது திருநின்றவூரில் வீட்டிலேயே டியூஷன் எடுக்கிறேன்.

ஃபிட்டர் போனார். ஜனவரித் தொடக்கத்தில் ஒருநாள், அங்கே மத்தியானமாக இருந்தபோது, வீடியோவில் அழைத்தார். தொப்பியும் தாடியுமாக முகத்தில் பாதிதான் தெரிந்தது. வேலை கடினம், சம்பளம் ஒழுங்காக வருகிறது, சோறு கிடைக்கிறது என்றார். அந்த இருட்டில் எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டேன்.

“நீங்க சொன்ன மாதிரி சுத்தமா இருட்டு இல்ல மேடம். மத்தியானம் கொஞ்ச நேரம் ஒரு வெளிச்சம் வருது. நீலமா. இருங்க, காட்றேன்” என்று ஜன்னலைத் திறந்து போனை வெளியே நீட்டினார். பனி மூடிய கூரைகள், கிரேன்கள், அவற்றுக்குப் பின்னால் உறையாத கருந்தண்ணீர். எல்லாவற்றின் மேலும் மையைக் கரைத்து ஊற்றியது போன்ற நீலம். “கை வெறச்சிப் போச்சு மேடம்” என்று சொல்லும் வரை அவர் அப்படியே போனைப் பிடித்துக்கொண்டிருந்தார்.