ஓலைக்கு முன் வந்த இசைத்தட்டு

எங்கள் பங்குக் கோயிலில் பாதிரியாருக்கு உதவியாக இருக்கும் உபதேசியார், அலுவலகத்தில் அந்தப் பார்சலைப் பிரித்தபோது மேசைக்கு எதிரே என் தங்கையின் வருங்கால மாமனார் உட்கார்ந்திருந்தார். மகனின் ஞானஸ்நானச் சான்றிதழைக் கொடுக்கச் சிவகங்கையிலிருந்து வந்திருந்தார்.

உபதேசியாரைக் குறைசொல்ல முடியாது. எங்கள் தெருவுக்கு வரும் பார்சல்களைத் தபால்காரர் பெரும்பாலும் கோயில் அலுவலகத்தில்தான் வைத்துவிட்டுப் போவார். அதில் வெளிநாட்டுத் தபால்தலை ஒட்டியிருந்தால் ஜெபமாலையோ மாதா சுரூபமோ என்று உபதேசியார் பிரித்துவிடுவார். பெரும்பாலும் அப்படித்தான் இருக்கும். இந்த முறை இருந்தது ஓர் இசைத்தட்டு. சுவீடன் நாட்டு டெத் மெட்டல் என்ற உறுமல் ராக் இசைக் குழு ஒன்றின் புதிய ஆல்பம். உறையில் ஆயர் தொப்பி அணிந்த எலும்புக்கூடு ஒன்று பிணக்குவியல் மேல் உட்கார்ந்திருந்தது. கையில் தலைகீழாகப் பிடித்த சிலுவை. பார்சலின் மேல் என் தங்கையின் பெயர்.

மாமனார் உடனே எழுந்து போய்விட்டாராம். உபதேசியார் தட்டை ஒரு பழைய செய்தித்தாளில் சுற்றி வீட்டுக்குக் கொண்டுவந்து, அம்மாவின் கையில் கொடுக்காமல் நாற்காலியில் வைத்துவிட்டுப் போனார்.

எங்கள் கத்தோலிக்கக் கோயில்களில் கல்யாண ஓலை மூன்று ஞாயிறு பூசையில் வாசிக்கப்படும். இன்னாருக்கும் இன்னாருக்கும் திருமணம், தடை எதுவும் தெரிந்தவர்கள் பங்குத் தந்தையிடம் தெரிவிக்கவும் என்று. தங்கைக்கு இரண்டு ஓலை முடிந்திருந்தது. மூன்றாவது ஓலைக்கு முந்தின நாள், சனிக்கிழமை, மாப்பிள்ளையும் அவர் அப்பாவும் வருகிறார்கள் என்று முன்கூட்டியே போன் வந்தது. நான் மதுரையில் செய்தித்தாள் அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். விடுப்பு சொல்லிவிட்டு அன்று காலையிலேயே வந்து சேர்ந்தேன்.

தங்கை அடுப்படியில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். பள்ளியில் வேதியியல் ஆசிரியை. கல்லூரிக் காலத்திலிருந்து இந்தக் குழுவைக் கேட்கிறாள். குழுவினருக்கு ஐம்பது வயதுக்கு மேல். நீண்ட இடைவெளிக்குப் பிறகு இப்போதுதான் புதிதாக ஒன்றைக் கொண்டுவந்திருக்கிறார்கள்.

"கல்யாணம் முடியிற வரைக்கும் பொறுத்திருக்கக் கூடாதா? இப்பவே வாங்கணுமா?" என்றேன்.

"நான் எங்கண்ணே வாங்குனேன்?" குரலைத் தாழ்த்தினாள். "கட்டிக்கப்போறவுக வெளிநாட்டுக் கடையில சொல்லி அனுப்புனது. கல்யாணப் பரிசு. மொத மொத போன்ல பேசுனப்பவே ரெண்டு பேரும் இந்தக் குழுவப் பத்தித்தான் பேசுனோம். அவுகளும் கேப்பாக."

"அப்ப நான் சொல்லிர்றேன்."

"நீ வாயத் தொறக்காத. அவுகளே சொல்லட்டும்." துருவலைத் தட்டில் தட்டினாள். "சொல்லுவாக."

பதினொரு மணி வாக்கில் வந்தார்கள். பெரியவர் ஓய்வுபெற்ற உடற்பயிற்சி ஆசிரியர். முதுகு நாற்காலியில் படாமல் உட்காருபவர். மகன் ஓசூரில் பொறியாளர். எங்களைப் பார்த்துச் சிரித்தார், தங்கையைப் பார்க்கவில்லை. அம்மா கொடுத்த தண்ணீர் டம்ளரைக் குடிக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டார். இசைத்தட்டு மேசை மேல் இருந்தது. உறையை அம்மா குப்புறப் போட்டிருந்தார். பெரியவர் அதை நிமிர்த்தி வைத்தார்.

"இது யாரு வாங்குனது?"

தங்கை மாப்பிள்ளையைப் பார்த்தாள். அவர் டம்ளரைப் பார்த்தார்.

"எனக்கு வந்தது மாமா."

"வந்துச்சுன்னா? தானா நடந்து வந்துச்சா?"

அம்மா குறுக்கே வந்தார். "ஏதோ பாட்டுத்தான் சம்பந்தி. இவ ஞாயித்துக்கிழமை தவறாம கோயில்ல பாடுறவ. நீங்களே கேட்டிருக்கீகளே."

"ஆயர் தொப்பிய எலும்புக்கூட்டுக்கு மாட்டி வச்சிருக்கான். இதையும் கேட்டுட்டு அங்கிட்டு வந்து மாதா பாட்டும் பாடுமா?" பெரியவர் சத்தம் போடவில்லை. அதுதான் பயமாக இருந்தது. "நாளைக்கு ஓலை. தடை இருந்தா சொல்லச் சொல்றாக. நான் பங்குச் சாமியாரைப் பாத்துட்டுப் போகலாம்னுதான் வந்தேன். அதுக்கு முன்னாடி ஒங்க வாயால கேட்டுருவோம்னு இங்குட்டு வந்தேன்."

மாப்பிள்ளை டம்ளரை மறு கைக்கு மாற்றிக்கொண்டார். அவர் பேசுவதற்கு அதைவிட நல்ல இடம் கிடைக்காது. நான் வாயைத் திறக்கப் போனேன். தங்கை என்னைப் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டேன்.

"போடு," என்றார் பெரியவர். "என்னதான் இருக்குன்னு கேட்டுட்டே போறேன்."

தங்கை தன் அறையிலிருந்து பிளேயரைத் தூக்கிவந்து மேசையில் வைத்தாள். ஊசியை வைத்தாள்.

ஈரப் பலகையில் ரம்பம் இறங்குவது போன்ற கிட்டார். அதன் கீழே வேகமான டிரம். பிறகு குரல். வயிற்றின் அடியிலிருந்து வரும் உறுமல். முன்பு அவள் கேட்டவற்றில் அந்தக் குரல் பாய்ந்து வரும். இப்போது வயதாகி, இன்னும் தாழ்ந்து, நிதானமாக வந்தது. அம்மா சிலுவை போட்டுக்கொண்டார். பக்கத்து வீட்டு ஜன்னல் ஒன்று திறந்தது. பெரியவர் முகத்தில் எதுவும் தெரியவில்லை. அவர் பாட்டைக் கேட்கவே இல்லை, கீழே பார்த்துக்கொண்டிருந்தார் என்பதை நான் தாமதமாகத்தான் கவனித்தேன்.

பாட்டின் நடுவே எல்லா ஓசையும் ஒரே நேரத்தில் நின்றது. அறிவிப்பில்லாத நிறுத்தம். அம்மா திடுக்கிட்டு நிமிர்ந்தார், எனக்கும் தூக்கிப்போட்டது. உடனே டிரம் மறுபடி பிடித்துக்கொண்டது.

"நிப்பாட்டு," என்றார் பெரியவர். தங்கை ஊசியைத் தூக்கினாள்.

அவர் மகனின் பாதத்தைக் காட்டினார். "பாட்டு நிக்கிறதுக்கு முன்னாடியே ஒன் காலு நின்னுச்சு. மறுபடி சரியா அவன் அடிக்கிறப்ப அடிக்குது. பள்ளிக்கூடம் பூராவையும் டிரம்முக்கு நடக்க வச்சவன்டா நான். தெரியாதவன் கால் பிந்தும். தெரிஞ்சவன் கால் முந்தும். நீ எப்ப கேட்ட இத?"

அந்தப் பாட்டை மட்டும் குழு முன்கூட்டியே இணையத்தில் வெளியிட்டிருந்தது. தங்கையும் மாப்பிள்ளையும் அவரவர் ஊரில் அதைப் பலமுறை கேட்டிருந்தார்கள்.

மாப்பிள்ளை டம்ளரைக் கீழே வைத்தார். "நான்தான்ப்பா வாங்குனேன். அவளுக்குன்னு."

அம்மா மூச்சை விட்டார். நான் பெரியவர் எழுந்து போய்விடுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் முதல் முறையாக நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தார்.

"அட, இத மொதல்லயே சொல்றதுக்கென்ன? நான் இந்தப் பொம்பளப் பிள்ளையத் தப்பா நெனச்சுட்டேன். ஏதோ ஆசைப்பட்டு வாங்கிருக்கான். வயசுப் பயலுக இதெல்லாம் கேக்கத்தான் செய்வானுக." உறையைத் திரும்ப எடுத்துப் பார்த்தார். அதே எலும்புக்கூடு, அதே சிலுவை. "படமும் ஒண்ணும் மோசமில்ல, நல்லாத்தான் வரைஞ்சிருக்கான். காப்பி குடுங்கம்மா, கெளம்புறோம்."

அம்மா அடுப்படிக்குத் திரும்பினார்.

"மாமா," என்றாள் தங்கை. "நாளைக்கு ஓலை வாசிக்க வேண்டாம். நான் ஃபாதர்கிட்டச் சொல்லிக்கிறேன்."

"ஏம்மா? அதான் தீந்துபோச்சே."

"ஒங்களுக்குத் தீந்துபோச்சு மாமா."

காப்பி ஆறிப்போனது. அவர்கள் போன பிறகு அம்மா அழுதார். பத்திரிகை அடித்தாயிற்று, மண்டபத்துக்குச் சொல்லியாயிற்று என்று ஒவ்வொன்றாகச் சொல்லி அழுதார். சாயங்காலம் தங்கை தனியாக நடந்து போய்ப் பங்குத் தந்தையைப் பார்த்துவிட்டு வந்தாள்.

ஞாயிறு பூசையில் வேறு ஒரு ஜோடியின் ஓலையை மட்டும் வாசித்தார்கள். எங்கள் வரிசையைத் திரும்பிப் பார்த்தவர்கள் பலர். மேலே பாடகர் குழுவில் தங்கையின் குரல் பிசகாமல் கேட்டது.

வெளியே வந்தால் வாசலில் மாப்பிள்ளை. தனியாக வந்திருந்தார், பஸ்ஸில். நேரே அம்மாவிடம் வந்தார். சுற்றி எங்கள் தெருப் பெண்கள் நின்றார்கள், உபதேசியாரும் நின்றார். கொஞ்சம் சத்தமாகவே சொன்னார்:

"அத்தை, அந்தப் பார்சல் நான் அனுப்புனது. அப்பா பாத்துக் கேக்குற வரைக்கும் நான் பேசாம இருந்தது தப்பு."

அம்மா பாடகர் குழு மாடிப்படியைப் பார்த்தார். தங்கை இறங்கிக்கொண்டிருந்தாள்.

"நீங்க வந்தது மாமாவுக்குத் தெரியுமா?" என்று கேட்டாள்.

"சொல்லிட்டுத்தான் வந்தேன்."

"என்ன சொன்னாக?"

"கத்துனாக."

இருவரும் வேப்பமரத்துப் பக்கம் நகர்ந்தார்கள். பேச்சு நீண்டது. பெரும்பாலும் அவர்தான் பேசினார். கூட்டம் கலைந்த பிறகு தங்கை என்னிடம் வந்தாள்.

"ஃபாதர் உள்ளதான் இருக்காரா?"

"இருக்காரு. எதுக்கு? வாசிக்கவா, வேண்டாம்னு சொல்லவா?"

"வாசிக்கத்தான். ஆனா வர்ற ஞாயிறு இல்ல, அதுக்கடுத்த ஞாயிறு." முந்தானையைச் சரிசெய்துகொண்டாள். "ஊர் என்ன பேசுமோன்னு ஒரு வாரம் அவுகளும் இருந்து பாக்கட்டும்."