மூத்தவள் தோற்கும் வரிசை

என் மனைவி வயதில் எனக்கு இளையவள். வாள்வித்தைப் பள்ளியில் மூத்தவள். நான் சேர்வதற்கு முன்பே அவள் சேர்ந்துவிட்டாள். அந்தப் பள்ளியில் வயது, சம்பளம், ஆண், பெண் எதுவும் கணக்கில்லை. சேர்ந்த நாள்தான் கணக்கு. பணிமூப்பை வைத்தே அரசாங்க அலுவலகத்தில் ஆயுளைக் கழித்தவன் ஆட்சேபிக்க வழியில்லை.

எழுபதுகளின் நடுப்பகுதி. சிட்னியின் மெரிலேண்ட்ஸில் வாடகை வீடு. சனிக்கிழமை பின்னேரங்களில் ஒரு தேவாலய மண்டபத்தில் வகுப்பு. ஆசிரியர் கம்பளி வாங்க சிட்னிக்கு வந்த ஜப்பானியர், எங்கள் வயதுக்காரர். அவருடைய பள்ளிமரபு கவசம் அணிந்து போரிட்ட காலத்தது. அதனால் அதன் வெட்டுகள் கவசம் மூடாத இடங்களைத் தேடும்: மணிக்கட்டின் உட்புறம், கழுத்து. பிறகு ஜப்பானில் நெடுங்கால அமைதி வந்தது. சண்டை ஓய்ந்த பிறகுதான் பள்ளிகள் பெருகின, விதிகளும் பெருகின. எனக்கு இதில் வியப்பில்லை. வேலையில்லாத திணைக்களத்தில்தான் சுற்றறிக்கை அதிகம். கடைசியில் அரசு வாள் அணிவதையே தடைசெய்தது. மிஞ்சியவை, மரவாளோடு இருவர் சேர்ந்து செய்யும், அடியும் முடிவும் முன்பே வகுத்த வரிசைகள்.

அவற்றில் தோற்பது மூத்தவரின் கடமை. மூத்தவர் உண்மையாகவே வெட்ட வருவார். இளையவர் கடைசிக் கணத்தில் விலகி வெல்வார். வெட்டு எட்டாமல் விழுந்தால் விலகுவதில் அர்த்தமில்லை. ஆகவே இடைவெளியைத் தீர்மானிப்பதும் மூத்தவரே.

"வீட்டிலைதான் வெல்லேலாது," என்பாள் மனைவி. "இஞ்சையாவது வெல்லுங்கோ."

பிறகு அவளுக்கு மார்பில் சத்திரசிகிச்சை. பக்கத்து வெஸ்ட்மீட்டில் பெரிய ஆஸ்பத்திரி இன்னும் திறக்காத காலம். நகரத்துக்கு ரயிலில் போய்வந்தோம். கொஞ்சம் தேறியதும் மண்டபத்துக்குத் திரும்பினாள். வலது கை தோளுக்கு மேல் உயர மறுத்தது. எட்டு வைப்பது குறுகிவிட்டது. வாள் என் நெற்றிக்கு ஒரு சாண் முன்னாலேயே விழுந்தது. நான் கொஞ்சம் முன்னால் நகர்ந்து நின்றேன்.

"பின்னாலை போங்கோ."

"வழக்கமா நிக்கிற இடம்தானே."

"பொய். தூரம் ஆருடைய பொறுப்பு?"

"மூத்தவருடைய பொறுப்பு."

"அப்ப மூத்தவள் சொல்லுறன். போங்கோ பின்னாலை."

நான் ஆசிரியரிடம் மேல்முறையீடு செய்தேன். நோயாளிக்கு விதிவிலக்கு இல்லாத விதி எந்த நாட்டிலும் இல்லை என்று வாதாடினேன். அவர் பொறுமையாகக் கேட்டார். "மூத்தவர் சொல்கிற தூரம்தான் தூரம்," என்றார்.

அதன்பின் ஒவ்வொரு சனியும் அவள் வாள் வெறுங்காற்றில் விழும். எட்டாத அந்த வாளுக்கு நான் விலகி வெல்ல வேண்டும். அதைவிட அசிங்கமான வெற்றி எனக்கு வாய்த்ததில்லை. வீட்டில், குசினிச் சுவரில் பதித்த ஓடுகளின்மேல் விரல்களை மெல்ல மேலே ஏற்றிப் பழகுவாள். போன கிழமை தொட்டதற்கு மேலே இருந்த ஓடு ஒன்றைத் தொட்டால் அன்று எனக்கு நல்ல சாப்பாடு. நோய் மற்றப் பக்கமும் பரவியதாக டாக்டர் சொன்ன பிறகும் அந்தச் சுவரை அவள் விடவில்லை.

ஒரு குளிர்காலச் சனி. அவள் சொன்ன இடத்தில் நின்றேன். வந்தாள். எட்டாத வெட்டுக்குப் பழகிப்போயிருந்த நான் தாமதித்துவிட்டேன். மரவாள் என் இடது தோளில் இறங்கியது. அப்படியே தரையில் உட்கார்ந்தேன்.

"ஐயோ!" என்று ஓடிவந்தவள் பாதியில் நின்றாள். முகம் மாறியது. "எட்டிட்டுது! நோகுதோ?"

"ஓம்."

"நல்லா நோகுதோ?"

"ஓமப்பா, நல்லா நோகுது."

"வெல்லவேண்டியவர் நீங்கள். வரிசையைக் குழப்பிப்போட்டியள்," என்று சிரித்தாள். சிரிப்பில் மூச்சு வாங்கியது. ஆசிரியர் அவளை வணங்கினார். பிழைபட்ட வரிசையைத் தொடக்கத்திலிருந்து மறுபடி செய்யவேண்டும் என்பது விதி. அதைச் செய்ய அவளிடம் பலம் இருக்கவில்லை.

அவள் போனபோது என் தோளில் அடிபட்ட கண்டல் மஞ்சளாகியிருந்தது. இறப்புப் பதிவு, தகனம், அவளுடைய வேலையிடத்துக்கு அறிவித்தல், எல்லாவற்றுக்கும் நடைமுறை எனக்குத் தெரியும்; ஒன்றையும் பிழைவிடவில்லை. சட்டை போடும்போது மட்டும் இடது கையைத் தேவைக்கு மேலே உயர்த்துவேன். சுரீரென்று வலிக்கும். அப்படியே கொஞ்ச நேரம் வைத்திருப்பேன்.

கண்டல் ஆறாமல் வைத்திருக்க ஒரு நடைமுறையும் எனக்குத் தெரியவில்லை. ஒரு காலை கையை உயர்த்தினேன். வலிக்கவில்லை. இன்னும் உயர்த்திப் பார்த்தேன்.