பெண் சிங்கத்தின் இருமல்

திருகோணமலைக்கு மாற்றலாகி வந்ததிலிருந்து நான் வைத்தியம் பார்த்தது பெரும்பாலும் மாடுகளுக்கும் ஆடுகளுக்கும்தான். அதனால், துறைமுகத்துக்குப் பின்னால் உள்ள சிறிய தனியார் விலங்குப் பூங்காவில் கிழட்டுப் பெண் சிங்கம் ஒன்று இருமுகிறது என்று அழைப்பு வந்தபோது, படித்த பாடங்களை வழியெல்லாம் நினைவுபடுத்திக்கொண்டே போனேன்.

சிங்கத்தைப் பராமரித்தவர் கிண்ணியாக்காரர். என்னைவிட மூத்தவர் என்பதால், அங்குள்ள முஸ்லிம்கள் அண்ணனை அழைப்பதுபோல் ‘நானா’ என்று கூப்பிட்டேன்.

“தண்ணி நெறயக் குடிக்குது டொக்டர். இறைச்சிய மணந்து பாத்திட்டு விட்டிருது,” என்றார்.

இடுப்பெலும்பு துருத்திக்கொண்டிருந்தது. மயக்க ஊசி போட்டு இரத்தம் எடுத்தோம். பல்கலைக்கழக நண்பர் ஒருவர் கொண்டுவந்த இயந்திரத்தில் நெஞ்சை எக்ஸ்ரே பிடித்தோம். சிறுநீரகங்கள் இரண்டும் பெருமளவு பழுதாகியிருந்தன. நுரையீரலில் கைக்குள் அடங்கும் தோடம்பழம் அளவில் ஒரு வெள்ளை நிழல்.

“புற்றுநோய் போலத்தான் கிடக்கு நானா.”

அவர் படத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். “சிகரெட் பத்துற ஆக்களுக்குத்தானே அது வாற?”

“அவையளுக்கு மட்டுமில்லை. காட்டில எண்டா இந்த வயசு வரைக்கும் இருக்கிறது கஷ்டம். இஞ்ச சாப்பாடும் மருந்தும் கிடைக்குது, கனகாலம் இருக்குது. வயசு போக வாற வருத்தங்கள் இதுகள்.”

“அப்ப, நாங்க நல்லாப் பாத்ததாலயா வந்த?”

நான் பேச்சைச் சிகிச்சைக்குத் திருப்பினேன்.

கட்டியை அகற்றும் சத்திரசிகிச்சைக்கான நீண்ட மயக்கத்தைச் சிறுநீரகங்கள் தாங்கமாட்டா. தோலுக்கடியில் சேலைன் ஏற்றினால் அவற்றுக்கு ஆறுதல். கூடிப்போனால் நுரையீரல் திணறும். அளவாக ஏற்றினோம். நீண்ட கரண்டியில் கோழிச் சாறு ஊட்டி அவர் சிங்கத்தைக் கம்பியோரம் படுக்கவைப்பார். நான் வெளியிலிருந்து ஊசி குத்துவேன். கொஞ்சக் காலம் தேறியது. “இண்டைக்கு வெயிலுக்கு வந்து படுத்திச்சு டொக்டர்” என்று தொலைபேசியில் சொல்வார்.

பிறகு அது வாயைத் திறந்து மூச்சுவிடத் தொடங்கியது. இனி வைத்திருப்பது வதை என்றேன். உரிமையாளர் உடனே சம்மதித்தார். நானா மட்டும், “நாளைக்குச் செய்யுங்க. இண்டைக்கு ஈரல் குடுக்கப்போறன்,” என்றார். சிறுநீரகத்துக்காக ஈரலை நான்தான் நிறுத்தியிருந்தேன். அன்று அது எழுந்து வந்து இரண்டு துண்டு தின்றது.

மறுநாள் காலை ஊசி போட்டேன். உடலைத் திறந்து பார்த்தபோது அவர் விலகிப் போகவில்லை. சிறுநீரகங்கள் சுருங்கிக் கல்போல் இறுகியிருந்தன. நுரையீரல் கட்டி படத்தில் கண்டதைவிடப் பெரிது.

“இவ்வளவையும் வெச்சுக்கிட்டா நேத்து எழும்பி வந்த?” என்று மெல்லக் கேட்டார்.

புற்று நுரையீரலிலேயே தொடங்கியது என்று பிறகு ஆய்வுகூடம் உறுதிசெய்தது. அதைச் சொல்லப் போனபோது அவர் அந்தக் கூட்டைக் கழுவிக்கொண்டிருந்தார். இளஞ்சிங்கம் ஒன்று வரப்போகிறதாம்.

“நீங்களோ பாக்கப்போறீங்கள்?”

“ஓம் டொக்டர். வந்தா ஆராவது பாக்கத்தானே வேணும்.”