உப்பில்லாத மணத்தக்காளி

கீமோ கொடுத்த பிறகு அப்பாவுக்கு வாயெல்லாம் புண். மரக்காணம் உப்பளத்தில் உப்பு வாரியே எங்களை வளர்த்தவருக்கு, நாக்கில் துளி உப்புப் பட்டாலும் உயிர் போகும். மருந்து வாங்கப் பாண்டிச்சேரிக்குப் பஸ்ஸில் போகையில் அதைச் சொல்லி அழுதேன். பக்கத்தில் இருந்த, கீரை விற்கும் இடையஞ்சாவடி அக்கா கூடையிலிருந்து ஒரு கட்டு மணத்தக்காளியை எடுத்து என் மடியில் வைத்தார்.

“கத்திரியும் இதுவும் ஒரே இனந்தாம்மா. அது புண்ணுல அரிக்கும், இது ஆத்தும். உப்பு போடாம குடு.”

அதன் பிறகு வாராவாரம் அதே பஸ்ஸில் கொடுத்தார். அப்பாவின் காரியம் முடிந்து, இறப்புச் சான்றிதழுக்காக ஆஸ்பத்திரிக்குப் போன அன்றும் ஒரு கட்டுக் கீரையை நீட்டினார்.

“அப்பா இப்ப சாப்பிடறாராம்மா?”

“சாப்பிடறாருக்கா” என்றேன்.

வீட்டுக்கு வந்து அதைச் சமைத்தேன். ஒரு வாய் வைத்ததும்தான் தெரிந்தது, உப்புப் போடவில்லை என்று. எழுந்து போய்ப் போட்டுக்கொள்ள மனம் வரவில்லை.