அவள் குளித்த வெந்நீர்

என் மனைவியைக் கழுத்துவரை மண்ணில் புதைத்து வைத்திருந்த படத்தை நான் முதலில் பார்த்தது மாரண்டஹள்ளிக்குப் பக்கத்தில் ஒரு மாட்டுக் கொட்டகையில். அப்போது கால்நடை ஆய்வாளராக வேலையில் இருந்தேன். சினை ஊசி போடப் போயிருந்தேன். இடது கை தோள்வரை உறைக்குள், உறை பசுவுக்குள். சட்டைப் பையில் போன் விடாமல் கிணுகிணுத்துக்கொண்டே இருந்ததால், மாட்டுக்காரரையே எடுத்துப் பார்க்கச் சொன்னேன். பார்த்தவர் பதறிப்போனார்.

"சார், உங்க வூட்டுக்காரம்மாவ மண்ணுல பொதைச்சு வெச்சிருக்காங்க சார்!"

போனை என் முகத்துக்கு நேராகப் பிடித்தார். ஒரே கருமணல். அதில் தலை மட்டும் வெளியே. தலையைச் சுற்றி வெள்ளைத் துண்டு. பக்கத்தில் மண்வெட்டியோடு ஒரு பெண் நின்றுகொண்டிருந்தாள். எரிமலைச் சூடு ஏறிய மணல் என்றும், பத்து நிமிடம் படுத்தால் மூட்டு வலி போகும் என்றும், அம்மா எழுந்திருக்கவே மாட்டேன் என்கிறாள் என்றும் கீழே மகள் எழுதியிருந்தாள். என் மனைவி கண்ணை மூடிக்கொண்டிருந்தாள். அவள் முகத்தில் அப்படியொரு நிம்மதியை நான் பார்த்ததில்லை.

"ஆபத்து ஒண்ணும் இல்லீங்களே?" என்றார் மாட்டுக்காரர்.

"அவளுக்கு என்ன, சுகமாத்தான் இருக்கா" என்றேன். சொன்ன விதம் எனக்கே பிடிக்கவில்லை.

மகளுக்கு ஜப்பானில் பிரசவம். மாப்பிள்ளைக்கு அங்கேதான் வேலை. ஒத்தாசைக்கு மூன்று மாத விசாவில் என் மனைவி போனாள். நானும் போயிருக்கலாம். அரசு ஊழியன் பாஸ்போர்ட் எடுக்கத் துறையின் அனுமதி வேண்டும், அதற்கு ஒரு விண்ணப்பம். அது என் மேஜை இழுப்பறையில் பல மாதம் கிடந்தது. "பிரசவத்துக்குப் பொம்பளைங்க போனா போதாதா, அங்க எனக்கு என்ன வேலை?" என்று வீறாப்பாகப் பேசியதும் நான்தான். ஆகவே பொறாமைப்பட எனக்கு எந்த உரிமையும் இல்லை. ஆனால் பொறாமை உரிமை கேட்டுக்கொண்டா வருகிறது? வயிற்றெரிச்சல் என்று சும்மா சொல்லவில்லை, நிஜமாகவே அந்த இடத்தில்தான் எரிகிறது.

அவள் கிளம்பிப் போன மறுநாள் காலை குளியலறைக்குள் போய்ச் சோப்பைக் கையில் வைத்துக்கொண்டு சிறிது நேரம் நின்றேன். ஏதோ குறைகிறது, என்னவென்று பிடிபடவில்லை. பிறகுதான் தெரிந்தது, வாளி காலி. இருபத்தெட்டு வருடமாக நான் உள்ளே போகும்போது வெந்நீர் வாளியில் இருக்கும், என் உடம்புக்கு ஏற்ற பதத்தில் விளாவி இருக்கும். அது எப்படி அங்கே வருகிறது என்று யோசித்ததே இல்லை. நான் குளித்து முடித்த பிறகு அண்டாவில் மிஞ்சியதில் அவள் குளிப்பாள். மார்கழியில் பல நாள் மிஞ்சியிருக்காது. அந்த மூன்று மாதமும் நான் பச்சைத் தண்ணீரில் குளித்துக்கொண்டிருந்தபோது, அவள் கடைசி இரண்டு வாரம் வெந்நீரிலேயே ஊறிக்கொண்டிருந்தாள்.

மாப்பிள்ளை அவர்களைத் தெற்கே ஏதோ ஒரு தீவுக்கு, எரிமலைக்குப் பக்கத்து ஊருக்கு அழைத்துப் போயிருந்தார். தினமும் போனில் வர்ணனை. சாக்கடை மூடிக்குக் கீழேயிருந்துகூட ஆவி வருகிறது. ஊர் முழுக்க அழுகின முட்டை நாற்றம், ஆனால் அந்த ஆவியிலேயே முட்டையை அவித்து விற்கிறார்கள், ருசி பிரமாதம். நீல நிறத்தில் ஒரு குளம் கொதிக்கிறது, செங்கல் நிறத்தில் இன்னொன்று. "அதுக்கெல்லாம் நரகம்னு பேரு வெச்சிருக்காங்க. நாங்க டிக்கெட் வாங்கி நரகத்துக்குப் போயிட்டு வந்தோங்க" என்றாள். நான் மெஸ்ஸில் வாங்கி வந்த ஆறிப்போன சாம்பாரை முன்னால் வைத்துக்கொண்டு ம் கொட்டினேன்.

அவள் திரும்பி வந்ததும் அக்கம்பக்கத்துப் பெண்கள் சாயங்காலமானால் எங்கள் வீட்டில் கூடிவிடுவார்கள். நான் அறைக்குள் பேப்பர் படிப்பதுபோல உட்கார்ந்திருப்பேன். ஒரு வரி ஏறாது.

"பொட்டுத் துணி கூடாதுக்கா. பொம்பளைங்க குளிக்கற வெந்நீர்க் கொளத்துல ஒட்டுத்துணியில்லாமதான் எறங்கணும்."

"அய்யய்யோ!"

"மொத நாளு நான் மாட்டவே மாட்டேன்னுட்டேன். யாரும் யாரையும் பாக்க மாட்டாங்கம்மான்னா பாப்பா. நெசமாவே ஒருத்தரும் பாக்கலக்கா. சின்ன முக்காலி போட்டிருக்கும். அதுல உக்காந்து சோப்புப் போட்டு நல்லா தேச்சுக் கழுவிட்டு, அப்புறந்தான் தண்ணிக்குள்ள எறங்கணும். எனக்குப் பக்கத்து முக்காலியில ஒரு கெழவி. எங்கையில இருந்த துண்ட வாங்கி, பேச்சு மூச்சு இல்லாம எம்முதுக தேச்சு வுட்டுது பாரு! எங்கம்மா தேச்சு வுட்டதுக்கு அப்புறம் எம்முதுகுல இன்னொருத்தர் கை பட்டது அன்னிக்குத்தான்."

பேப்பருக்குப் பின்னால் எனக்குக் காது சூடானது. யாரந்தக் கிழவி? நாற்பது கிலோகூட இருக்கமாட்டாள். கடல் தாண்டி எங்கோ இருக்கிற, இனிமேல் நான் பார்க்கப்போகாத ஒரு கிழவிமேல் எனக்கு அப்படி ஒரு ஆத்திரம். ஞாயிற்றுக்கிழமை எண்ணெய் தேய்த்துச் சீயக்காய் போட்டு என் முதுகை என் மனைவிதான் தேய்த்து விடுவாள். அவள் முதுகை நான் ஒருநாளும் தேய்த்ததில்லை. தேய்க்கச் சொல்லி அவள் கேட்டதும் இல்லை. கேட்காதது என் குற்றமா என்று எனக்குள்ளேயே வாதாடிக்கொண்டிருந்தபோதுதான் அடுத்தது வந்து விழுந்தது.

"கையில பச்சை குத்தியிருந்தா உள்ள வுட மாட்டாங்களாம். அங்க ரவுடிங்கதான் பச்சை குத்துவாங்களாம்."

பெண்கள் எல்லாரும் சிரித்தார்கள். என் மனைவியின் வலது முன்கையில் என் பெயர் இருக்கிறது. கல்யாணமான முதல் வருடம் மாரியம்மன் பண்டிகையில் அவளாகவே போய்க் குத்திக்கொண்டு வந்தாள். நான் கேட்கவில்லை. ஆனால் அந்தக் கையோடு அவள் நடப்பதை ஊரே பார்க்கவேண்டும் என்று பல காலம் அலட்டிக்கொண்டு திரிந்திருக்கிறேன்.

"அப்புறம் என்னா பண்ணுனே?"

"தோல் நெறத்துலயே பிளாஸ்திரி விக்குதுக்கா. பாப்பா வாங்கியாந்து அதும்மேல ஒட்டி வுட்டுட்டா. தெரியவே இல்ல."

பேப்பரோடு வெளியே வந்துவிட்டேன்.

"எம்பேரு மேல பிளாஸ்திரி ஒட்டிட்டா குளிச்ச?"

பெண்கள் ஒவ்வொருவராக நழுவினார்கள். அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். "பேரு அங்கியேதாங்க இருக்குது. நனையாம பத்திரமா இருந்துச்சு" என்றாள். அன்றைக்குச் சாப்பாடு வேண்டாம் என்று படுத்துவிட்டேன். அவள் சாப்பிட்டாள். அதுவும் எனக்குக் கோபம்.

அடுத்த ஞாயிறு அவளை ஒகேனக்கல்லுக்குக் கூட்டிப் போனேன். நம்ம மாவட்டத்தில் இல்லாத தண்ணீரா? பெங்களூர்க்காரன் வண்டி கட்டிக்கொண்டு வந்து குளித்துவிட்டுப் போகிறான், இவளுக்கு ஜப்பான் கேட்கிறதா? காட்டவேண்டும் என்று வீம்பு. போனதும் பாறையில் வரிசையாகப் படுத்திருந்த ஆண்களோடு நானும் குப்புறப் படுத்தேன். எண்ணெய் தேய்க்கிறவர் முதுகில் படபடவென்று அடித்து, காலை மடக்கி, கழுத்தைச் சொடுக்கி எடுத்தார். பிறகு அருவியில் போய் நின்றேன். எலும்பெல்லாம் கழன்று திரும்ப மாட்டிக்கொண்டதுபோல இருந்தது. ஒரு மணி நேரம் கழித்துப் பளபளவென்று வெளியே வந்தால், அவள் வெயிலில் அதே இடத்தில் நின்றுகொண்டிருந்தாள். ஒரு கையில் என் சட்டை, பேண்ட். இன்னொரு கையில் கைக்கடிகாரம், கண்ணாடி, போன்.

"நீ குளிக்கலியா?"

"இதையெல்லாம் யாருகிட்ட குடுத்துட்டுக் குளிக்கறது?" என்றவள், "நல்லா இருந்துச்சுங்களா?" என்று என்னைக் கேட்டாள்.

கிண்டலா என்று முகத்தைப் பார்த்தேன். இல்லை, நிஜமாகவே கேட்டாள். பெண்கள் குளிக்கிற பக்கம் எல்லாரும் புடவையோடும் சுடிதாரோடும், துணி உடம்பில் ஒட்டிக்கொள்ள அதைப் பிடித்து இழுத்துவிட்டுக்கொண்டே நனைந்துகொண்டிருந்தார்கள். திரும்பி வரும்போது பஸ்ஸில் அவள் தூங்கிவிட்டாள். நான் ஜெயித்தேனா தோற்றேனா என்று பாலக்கோடு வரை யோசித்துக்கொண்டு வந்தேன்.

பிறகு பணி ஓய்வு பெற்றேன். பாஸ்போர்ட் வந்தது. பேரனின் இரண்டாவது பிறந்தநாளுக்கு இரண்டு பேரும் வாருங்கள் என்று மகள் கூப்பிட்டாள். கோபுரம், வேக ரயில் என்று பெரிய திட்டம் போட்டு வைத்திருந்தாள். எனக்கு அதெல்லாம் வேண்டாம், அம்மா குளித்த ஊருக்குக் கூட்டிப்போ என்றேன். அங்கே இவளுக்கு அப்படி என்ன கிடைத்தது, அதை நான் என் கண்ணால் பார்க்கவேண்டும். அது ஒன்றுதான் எனக்கு.

ஊர் அவள் சொன்னபடியே இருந்தது. தெருவோரத்து ஓட்டைகளிலிருந்து ஆவி, எங்கும் அந்த முட்டை நாற்றம், பின்னால் புகைந்துகொண்டிருந்த மலை. அவள் எதையும் கூட்டிச் சொல்லியிருக்கவில்லை என்பதே எனக்கு எரிச்சலாக இருந்தது. தருமபுரி பஸ் நிலையத்தில் எந்த பஸ் எங்கே நிற்கும் என்று என்னைக் கேட்கிறவள், அங்கே எனக்கு முன்னால் விடுவிடுவென்று நடந்தாள். "செருப்ப இங்க வுடணுங்க. அந்தச் சின்னத் துண்ட தண்ணியில முக்கிடாதீங்க, மடிச்சுத் தலையில வெச்சுக்கணும்" என்று பாடம் வேறு. மகளும் மாப்பிள்ளையும் பேரனைத் தூங்க வைக்க அறையிலேயே இருந்துவிட்டார்கள். குளிக்கும் இடத்தின் வாசலில் இரண்டு துணி தொங்கியது, ஒன்று சிவப்பு, ஒன்று நீலம். "உங்களுக்கு நீலம்" என்று சொல்லிவிட்டு, சிவப்பை ஒரு கையால் விலக்கி உள்ளே போனாள்.

முப்பத்தைந்து வருடம் மாடுகளின் அந்தரங்கத்திலேயே பிழைத்தவன் நான். ஆனாலும் அங்கே உடுப்பைக் கழற்ற எனக்குக் கூச்சமாக இருந்தது. கழற்றினேன். ஒருவரும் பார்க்கவில்லை. கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருந்தது. முக்காலியில் உட்கார்ந்து கழுவிக்கொண்டு, வெளியே திறந்தவெளியில் இருந்த குளத்தில் இறங்கினேன். முதலில் சுட்டது. பிறகு கழுத்துவரை அமிழ்ந்தபோது, முழங்காலில் இருந்த வலி ஒவ்வொரு முடிச்சாக அவிழ்ந்தது. பெண்கள் பக்கத்துக்கும் எங்கள் பக்கத்துக்கும் நடுவே ஒரு மூங்கில் தட்டிதான். மேலே திறந்திருந்தது. பேச்சுக் குரல்கள் கேட்டன.

குளத்தில் என்னைத் தவிர ஒரு வயதானவர் மட்டும் இருந்தார். கொஞ்ச நேரம் கழித்து அவர் தட்டியைப் பார்த்து, சத்தமாக ஏதோ சொன்னார். ஒரே ஒரு சொல். அந்தப் பக்கத்திலிருந்து ஒரு கிழவியின் குரல் அதே அளவு சுருக்கமாகப் பதில் கொடுத்தது. அவர் எழுந்து போனார். நான் கிளம்புகிறேன் என்று இவர் சொல்லியிருப்பார், நானும்தான் என்று அவள் சொல்லியிருப்பாள். புரிந்துகொள்ள மொழி தேவைப்படவில்லை. எனக்கு அது பிடித்திருந்தது.

அப்போதுதான் தட்டிக்கு அந்தப் பக்கம் ஒருத்தி சிரித்தாள். வயிற்றிலிருந்து வருகிற சிரிப்பு. நிறுத்த முயன்று, முடியாமல், மூச்சு வாங்கி, மறுபடியும் சிரித்தாள். கூடவே இரண்டு மூன்று பேர் அவர்கள் பாஷையில் ஏதோ சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். யாரடா இவள், இப்படி அடக்கமில்லாமல் என்று நினைத்தேன். சிரிப்புக்கு நடுவே, "அய்யோ அம்மா, போதும், போதும்" என்று கேட்டது.

அந்த ஊரில் தமிழ் பேசுகிற பெண், மகளைத் தவிர, ஒருத்திதான் இருந்தாள். மகள் அறையில் இருந்தாள்.

முப்பது வருடம் அவளோடு குடித்தனம் செய்திருக்கிறேன். அவள் சிரிப்பது எனக்குத் தெரியும். முந்தானையை வாயில் வைத்து, லேசாகத் தோள் குலுங்கும், அவ்வளவுதான். இது எனக்குத் தெரியாத சிரிப்பு. எதற்குச் சிரிக்கிறாள்? ஒரு வார்த்தை பேசத் தெரியாத பெண்களோடு என்ன வேடிக்கை? அந்தப் பெண்கள்மேல், தண்ணீர்மேல், நடுவில் நின்ற மூங்கில்மேல், எல்லாவற்றின்மேலும் பொறாமை வந்தது. அவள்மேல்தான் அதிகம். அந்தச் சிரிப்பில் ஒரு துண்டாவது தட்டிக்கு இந்தப் பக்கம் வரவேண்டும் என்று இருந்தது. அந்தக் கிழவர் செய்ததுபோல நானும் எழுந்து நின்று, தட்டியைப் பார்த்துக் கூப்பிட்டேன்.

"இந்தா!"

சிரிப்பு அறுந்தது. அந்தப் பக்கம் முழுவதும் அமைதியாகி, குழாயிலிருந்து தண்ணீர் விழுகிற சத்தம் மட்டும் கேட்டது.

"இதோ வந்துட்டேங்க!"

அது எனக்கு நன்றாகத் தெரிந்த குரல். உடனே தண்ணீர் சளசளத்தது, முக்காலி ஒன்று இழுபட்டது. வேண்டாம், நீ இரு, சும்மாதான் கூப்பிட்டேன் என்று அப்போதே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. கூப்பிட்டதும் எழுந்து வருகிறாள் என்பதில் எனக்கு ஒரு அற்ப சந்தோஷம் இருந்தது. இதை எழுதவே வெட்கமாக இருக்கிறது.

நான் உடுத்திக்கொண்டு வெளியே வந்தபோது அவள் வாசலில் நின்றுகொண்டிருந்தாள். தலையைத் துவட்டியிருக்கவில்லை. முடியிலிருந்து சொட்டிய தண்ணீர் தோளையெல்லாம் நனைத்திருந்தது.

"என்னங்க, என்ன ஆச்சு? மயக்கம் கியக்கம் வந்துடுச்சா?"

"ஒண்ணுமில்ல."

சிவப்புத் துணிக்கு உள்ளே அந்தப் பெண்கள் மறுபடியும் சிரிக்கத் தொடங்கியிருந்தார்கள். அவள் அந்தப் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்தாள்.

"நீ வேணா இன்னும் கொஞ்ச நேரம் குளிச்சுட்டு வாயேன்" என்றேன்.

"இருக்கட்டுங்க" என்றாள். "எனக்கு ஆயிடுச்சு."